நூற்று நாற்பது பக்கச் செவ்வாய்

12.6.88, ஞாயிறு
கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. நாளை பள்ளி திறப்பு. சிவப்பு மை, குடைக்கம்பி, பத்தாம் வகுப்பு பௌதிகக் குறிப்பு.
கதை முடிந்தது! நூற்று நாற்பது பக்கம், இரண்டு வருஷம். செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட வசந்தி, சிவப்பு மண்ணில் கோதுமை முளைக்க வைக்கப் பாடுபடுகிறாள். நகல் எடுக்க வேண்டும்.

25.6.88, சனி
மாம்பலம், மாத நாவல் ஆபீஸ். போன வாரம் கொடுத்த கதையை முதலாளி படித்துவிட்டார், அக்டோபர் இதழாம். அட்டைப் படம் மட்டும் முன்னாலேயே சிவகாசியில் அச்சாகி வந்துவிடும், தலைப்பும் பேரும் பிறகு இங்கே அச்சடிப்பார்களாம். அட்டை ஓவியர் தாமு அங்கேயே இருந்தார், அனகாபுத்தூர்க்காரர்.
“டீச்சர், அந்த கெரகத்துல காத்து கீதா?”
“கொஞ்சம்தான். முடியெல்லாம் பறக்காது. தலையில் ஹெல்மெட் வேறு.”
“முடி பறக்காத பொம்பள அட்டைய எவன் வாங்குவான்?”
மாதிரிக்கு அண்ணனின் ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கொடுப்பதாகச் சொன்னேன்.

17.7.88, ஞாயிறு
படம் நாளை சிவகாசிக்குப் போகிறது. பார்த்தேன். சிவப்பு மண், இரண்டு நிலா, அண்ணன் ஹெல்மெட்டுக்குள் என் வசந்தி. ஹெல்மெட்டுக்குக் கீழே ஒரு கொத்து முடி பறக்கத்தான் செய்கிறது. விட்டுவிட்டேன். திரும்பும்போது ரயிலில் அழுகை, சந்தோஷத்தில்தான்.
நகல் இன்னும் எடுக்கவில்லை.

6.8.88, சனி
முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். வெளியூர் ஏஜெண்டுகளுக்குச் செவ்வாய் பிடிக்கவில்லையாம்.
“பொண்ணு அதே பொண்ணு இருக்கட்டும், டீச்சரம்மா. செவ்வாய ஏற்காடாக்கிடுங்க. தனியா ஒரு பங்களா. என்ன கெட்டுப்போச்சு?”
“சரி சார்” என்றேன். யோசிக்கக்கூட இல்லை. கதைக் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.

28.8.88, ஞாயிறு
முடித்தேன். செம்மண் புழுதி மூடுபனி ஆயிற்று. ஆக்சிஜன் சிலிண்டர் சமையல் சிலிண்டர் ஆயிற்று. கோதுமை, ரோஜாத் தொட்டி. நாளை ஆபீஸில் கொடுத்துவிடுவேன்.
பழைய நூற்று நாற்பது பக்கத்தையும் காலையில் பாய்லரில் போட்டேன். மேஜைமேல் அதைப் பார்க்கப் பார்க்க அவமானம், வேறொன்றுமில்லை.
அண்ணி: “என்னத்தப் போட்டே, தண்ணி இப்படிக் கொதிக்குது?”

1.10.88, சனி
தாம்பரம் ஸ்டேஷன் கடை. தொங்குகிறாள் என் வசந்தி, இரண்டு நிலாவோடு. மேலே வேறு தலைப்பு, வேறு பேர். உள்ளே மாமியார் மருமகள் கதை.
பள்ளி போனில் முதலாளியைக் கேட்டேன். “ஏற்காடு கதை வேற ரெண்டு ஏற்கெனவே கைல இருக்கும்மா. அச்சடிச்ச அட்டைய வீணாக்க முடியுமா?”
சாயங்காலம் அண்ணி அதை வாங்கி வந்து பாதி படித்துவிட்டுக் கேட்கிறாள்: “ராக்கெட் எப்ப வரும்?”

15.10.88, சனி
மழை. பத்தாம் வகுப்பு விடைத்தாள் இன்னும் திருத்தவில்லை. நனைந்துகொண்டே தாமு வந்தார், சைக்கிளில்.
“ஆபீஸ்ல லெட்டரா வந்துகினு கீது, டீச்சர். அட்டைல கீற பொண்ணோட கதை எங்கன்னு. சாரே கேக்கறாரு, அந்தச் செவ்வாய் கதைய. திங்கக்கெழமை குடுத்தா அடுத்த மாசமே போட்டுடுவாராம்.”
பாய்லர் விஷயத்தைச் சொன்னேன். ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஞாபகத்துல இல்லியா?”

16.10.88, ஞாயிறு
மழை விடவில்லை. காலையிலிருந்து மேஜையில். முதல் வரி அப்படியே வந்தது. இரண்டாவதும். நாலாம் வரியில் மூடுபனி. அடித்தேன்.
மறுபடி முதலிலிருந்து. வசந்தி கதவைத் திறந்தாள். வெளியே மூடுபனி.
அடித்தேன். அண்ணி சாப்பிடக் கூப்பிடுகிறாள். மறுபடி. கதவு, வசந்தி, மூடுபனி