தங்க சீசனில் இடமில்லை

2007 பிப்ரவரி 11, ஞாயிறு

ஹாலிடே கிளப்புக்குப் போன் போட்டுக் காலைப் பொழுது போச்சு. புல்லாங்குழல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். நடுநடுவே ஒரு குரல்: 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது.' டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலை நரைத்தவளிடம் இதைச் சொல்கிறார்கள். முக்கியமான அழைப்பை யாரும் காக்க வைப்பதில்லை. முக்கியமில்லாததற்குத்தான் பாட்டுப் போடுவார்கள்.

கடைசியில் ஒரு பெண் வந்தாள். மே மாதம், கொடைக்கானல், நாலு ராத்திரி என்றேன்.

"மே தங்க சீசன் மேடம். ஃபுல் ஆயிடுச்சு."

"எப்பம்மா ஃபுல் ஆச்சு?"

"ஒன்பது மாசம் முன்னாடியே புக்கிங் ஓப்பன் ஆயிடும் மேடம்."

"அப்ப நான் மெம்பரே இல்லியே. தீபாவளிக்குத்தான சேந்தேன்."

"அதனாலதான் மேடம்" என்றாள். ஏதோ எனக்கு நல்லது செய்துவிட்ட மாதிரி.

ஜூலையில் தருகிறாளாம். அது பச்சை சீசனாம். பச்சை என்றால் என்ன என்று கேட்டேன். "மழை மேடம்." மழை என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள் என்று பச்சை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்.

பிப்ரவரி 12, திங்கள்

எப்படி இதில் மாட்டினேன் என்று எழுதி வைக்கிறேன். இன்னொரு தடவை புத்தி கெட்டுப் போகாமல் இருக்க.

புடவைக் கடையில் கூப்பன் நிரப்பினேன். 'நீங்கள் அதிர்ஷ்டசாலி' என்று பாண்டிச்சேரி ஹோட்டலுக்குக் கூப்பிட்டார்கள். விருந்தும் ஒரு பரிசும் உண்டாம். ஆனால் தம்பதியாக வந்தால்தான் விருந்து. எனக்கு ஏது தம்பதி? தம்பி நடராசனையும் அவன் பெண்டாட்டி கனகாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் தம்பதி, நான் அதிர்ஷ்டசாலி. மூன்றாவது நாற்காலி வேறு மேசையிலிருந்து வந்தது.

டை கட்டிய பையன் என்னிடம், "சார் வரலையா மேடம்?" என்றான். இல்லை என்றேன். "வெளியூர்ல இருக்காரா?" "இன்னும் பொறக்கலப்பா" என்றேன். சிரிக்கத் தெரியவில்லை அவனுக்கு. பயிற்சியில் அது இல்லை போல.

கடைசியாக எப்போது டூர் போனீர்கள் என்று எல்லோரையும் கேட்டான். தம்பியும் கனகாவும் மைசூர், ஏற்காடு, மூணாறு என்று அடுக்கினார்கள். என் முறை வந்தது. ஸ்கூலில் படிக்கும்போது மகாபலிபுரம் என்றேன். கனகா களுக்கென்று சிரித்தாள். கெட்ட எண்ணம் இல்லை, பழக்கம்.

அந்தச் சிரிப்புக்குத்தான் கிளப்பில் சேரக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு. பி.எஃப். லோன் எடுத்து.

'எப்போது வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும்' என்று அட்டையில் போட்டிருக்கிறது. பணத்தைக் கொடுத்தால் பாயிண்டு. பாயிண்டைக் கொடுத்தால் அறை. பணம் அவர்களிடம், அறையும் அவர்களிடம். பாயிண்டு மட்டும் என்னிடம்.

மார்ச் 3, சனி

மாசி மகம். ஊரே மணிமுத்தாற்றில் நிற்கிறது. தம்பி இருக்கும் கீழ் வீட்டில் கனகாவின் சொந்தக்காரர்கள் நிரம்பி வழிகிறார்கள். நான் மாடிக்கு ஏறிவிட்டேன்.

தம்பி பின்னாலேயே வந்தான். புருவமெல்லாம் வெள்ளைப் பொடி. திருவிழாவன்றும் செராமிக் எஸ்டேட்டுக்குப் போய்ச் சூளையை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறான். பீங்கானில் ஃபியூஸ் கேரியர் சுட்டு விற்கிறவனுக்கு சாமி இரண்டாம்பட்சம்.

"நீ எதுக்குக்கா போனைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற? எல்லாம் இன்டர்நெட்ல பண்ணலாம். ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இருக்குது. பாஸ்வேர்டு குடு, யாராவது கேன்சல் பண்ணாங்கன்னா நான் புடிச்சுத் தரேன்."

கொடுத்தேன். ஒருத்தனாவது எனக்காக மெனக்கெடுகிறானே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

மார்ச் 19, திங்கள்

"இல்லியாம்க்கா." தினமும் பார்க்கிறானாம்.

ஏப்ரல் 14, சனி

வருடப் பிறப்பு. கனகா பாயசத்தோடு மாடியேறி வந்தாள். பாயசத்தோடு வந்தால் ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

"அண்ணி, மே மாசம் ஒரு அஞ்சு நாளு ஊட்டிக்குப் போறோம். அவரு ஃப்ரெண்டு ஒருத்தருக்கு அங்க கெஸ்ட் ஹவுஸ் இருக்குது. நீங்கதான் இருக்கீங்களே, வூட்டப் பாத்துக்குங்க. மாவு அரைச்சு வெச்சுட்டுப் போறேன்."

நீங்கதான் இருக்கீங்களே. மைசூருக்கும் இதே வாக்கியம்தான். மூணாறுக்கும். நான் எங்கேயாவது போயிருக்கலாம் என்ற சந்தேகம்கூட இவர்களுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, அண்ணி இருக்கிறாள்.

சரி என்றேன். பாயசத்தில் முந்திரி அதிகம்.

மே 18, வெள்ளி

கத்திரி வெயில். இந்த ஊரில் சூளை தனியாக எதற்கு? மண்ணைப் பிசைந்து வாசலில் வைத்தாலே வெந்துவிடும். மத்தியானம் முழுக்கக் கரண்டு இல்லை.

கீழ் வீட்டு மீன்தொட்டிக்குக் காலையும் சாயங்காலமும் தீனி போடுகிறேன். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சத்தம் வரவில்லை. கிளப்புப் பெண்கள் ஞாபகம் வருகிறது. அவர்களாவது 'மேடம்' என்கிறார்கள்.

மே 23, புதன்

வந்துவிட்டார்கள். எனக்கு ஒரு டப்பா சாக்லேட், ஒரு பாட்டில் நீலகிரித் தைலம்.

"என்னா குளிரு அண்ணி. உங்களுக்கெல்லாம் ஒத்துக்கிட்டிருக்காது."

ஜூன் 6, புதன்

எழுதினால் மனசு ஆறுமா பார்க்கிறேன்.

மத்தியானம் ஆபீஸ் நம்பருக்கு கிளப்பிலிருந்து போன். விண்ணப்பத்தில் நான் எழுதிக் கொடுத்த நம்பர். தேன் குரல்.

"செல்வநாயகி மேடம்ங்களா? உங்க ஊட்டி ஸ்டே எப்படி இருந்துச்சு மேடம்?"

"எந்த ஊட்டி?"

"மே பதினேழுலேருந்து அஞ்சு ராத்திரி மேடம். நாலு பேரு. பள்ளத்தாக்கைப் பாத்த வேலி வியூ ரூம். உங்க பாயிண்ட்ஸ்ல நெட்ல புக் பண்ணியிருக்கீங்க."

நாலு பேர். நடராசன், கனகா, பிள்ளைகள் இரண்டு.

"பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க மேடம்?"

பக்கத்து சீட்டில் ராஜம்மாள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது, மறைத்ததும் இல்லை. ஆனால் இதை எப்படிச் சொல்ல? நான் போகவே இல்லையே என்று சொல்ல வாய் வரவில்லை.

பத்து என்றேன்.

ஏன் சொன்னேன்? தெரியல. பத்துக்குப் பத்து. சூப்பர் ரூமு, சூப்பர் குளிரு. அவங்க என் ரூமுல போர்த்திக்கிட்டுத் தூங்கறப்ப நான் அவங்க வூட்டு மீனுக்குத் தீனி போட்டுக்கிட்டு இருந்தேன். கரண்டு இல்லாம. இதுக்கு ஒரு பாட்டிலு தைலம். தேச்சுக்கோன்னு.

ஜூன் 7, வியாழன்

தம்பி வீட்டுக்கு வரும்வரை காத்திருந்தேன். கனகாவும் இருந்தாள். குரலை உயர்த்தவில்லை. "ஊட்டியில உன் ஃப்ரெண்டு பேரு என்னடா?" என்று மட்டும் கேட்டேன்.

முகம் செத்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை. மூன்று மாதம் 'இல்லியாம்க்கா' என்று சொன்ன முகம்தான் இது.

"உன் பாயிண்டுதான்க்கா, இல்லேங்கல. திடீர்னு ஒரு கேன்சலேஷன் வந்துச்சு. விட்டா வருஷக் கடைசில லேப்ஸ் ஆயிடும். நீ எங்க தனியாப் போவப் போற?"

"போவேனா மாட்டேனான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ எங்களையே போவச் சொல்லியிருப்ப. உன் குணம் எனக்குத் தெரியாதா?"

இதுதான் பொறுக்கவில்லை. சொல்லியிருப்பேன். ஆமாம், நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். 'புள்ளைங்க ஆசைப்படுதுங்க, நீங்க போயிட்டு வாங்க' என்றிருப்பேன். அதைச் சொல்கிற பெருமையைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

கனகா அடுப்படியிலிருந்து, "அண்ணிக்குன்னு வேற யாரு இருக்கா? நாங்கதான. உங்களுது எங்களுது இல்லியா?" என்றாள்.

"அப்ப உங்களுது?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை.

ஜூன் 9, சனி

தனியாத்தான் போவேன்டா. தனியாத்தான இருக்கேன்.

ஜூன் 25, திங்கள்

கிளப்புக்குப் பேசினேன். பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். நான்தான் நான் என்று நிரூபிக்க அம்மா பெயர் கேட்டாள். தங்கம்மாள். நடராசனுக்கும் அதே அம்மாதான் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. இதுதான் இவர்கள் பாதுகாப்பு.

ஊட்டி தின்றது போக மிச்சப் பாயிண்டுக்கு என்ன கிடைக்கும் என்றேன். கீபோர்டைத் தட்டினாள். கொடைக்கானல் போதாது. ஏற்காடு போதாது. வெள்ளி, சனி எங்கேயுமே போதாது. "ஏலகிரி இருக்கு மேடம். ஆகஸ்ட். புதன், வியாழன். ரெண்டு ராத்திரி."

"பச்சையா?"

"ஆமா மேடம்."

எத்தனை பேர் என்றாள். ஒருத்தி என்றேன்.

"தனியாவா மேடம்?" மறுபடி கீபோர்டைத் தட்டினாள். "தனியா வந்தாலும் ரெண்டு பேருக்கான பாயிண்ட்தான் கழியும் மேடம்."

கழியட்டும். இன்னொருத்தி இருந்தால் அவளும் மீனுக்குத்தான் தீனி போட்டுக்கொண்டிருப்பாள்.

ஜூலை 22, ஞாயிறு

கனகா மாடிக்கு வந்தாள். பாயசம் இல்லை, கேசரி. ஒன்றரை மாதமாகப் பேச்சு இல்லாததால் கேசரியில் நெய் வழிந்தது.

வேப்பூரில் அவள் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு. ஆகஸ்டு எட்டு, ஒன்பது. எல்லோரும் போகிறார்கள்.

"நீங்கதான் இருக்கீங்களே..." என்று ஆரம்பித்தாள்.

"இல்ல" என்றேன்.

"என்னா இல்ல?"

"நான் இல்ல. ஊருக்குப் போறேன்."

"எந்த ஊருக்கு? யாரோட?" ஏதோ நான் ஓடிப்போகிற மாதிரி கேட்டாள். நாற்பத்தேழு வயதில் அதற்கும் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

"ஏலகிரிக்கு. தனியா."

"வூட்ட யாரு பாத்துக்கறது?"

"வூடு எங்கயும் போவாது" என்றேன்.

சாயங்காலம் தம்பி வந்து வாசலிலேயே நின்றான். வேறு தேதியில் போகக் கூடாதா என்றான். முடியாது, புக்கிங்கை மாற்றினால் பாயிண்டு போய்விடும் என்றேன். கிளப்பின் விதி ஒன்று முதல் தடவையாக என் பக்கம் நின்றது. போகும்போது "மழைக்கு எதுனா எடுத்துக்கோ" என்றான்.

ஆகஸ்டு 9, வியாழன். ஏலகிரி

நேற்றிலிருந்து மழை. திருவண்ணாமலை, திருப்பத்தூர் என்று பஸ் மாறி மாறி வந்து, மலை ஏறும்போது வாந்தி எடுத்தேன். இதற்குத்தானா என்று இருந்தது.

வரவேற்பில் இருந்தவன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான், இன்னும் யாராவது வருகிறார்களா என்று. வரவில்லை. இரண்டு மாலை வைத்திருந்தான். இரண்டையும் எனக்கே போட்டான்.

அறையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அட்டைப் படத்தில் வாயகலத் திறந்த பால்கனி, இங்கே ஒரு ஆள் நிற்கலாம். நான் ஒரு ஆள்தான். சாம்பாரில் சர்க்கரை போட்டிருக்கிறார்கள். மழைக்கு ஏரியில் படகை நிறுத்திவிட்டார்கள். நேற்று ராத்திரி ஒரு இளைஞன் மைக்கோடு வந்து தம்பதிகளுக்கு விளையாட்டு என்றான். மனைவியின் கண்ணைக் கட்டிவிடுவார்கள், புருஷனின் கையைத் தொட்டே கண்டுபிடிக்க வேண்டும். மூன்று ஜோடிதான் இருந்தது. அதில் ஒருத்தி தப்பான கையைப் பிடித்து, புருஷன் கோபித்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டான். இதற்கா இவ்வளவு பாயிண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் பார்க்கவில்லை, நன்றாகவே சிரித்தேன்.

மத்தியானம் தூங்கினேன். எழுந்தபோது எந்த ஊர் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. மழை விட்டிருந்தது. பலா மரத்தடியில் ஈரம் சொட்ட ஒரு நடை போய் வந்தேன். என்ன பார்த்தேன்? ஒன்றும் இல்லை. மூன்று மாடு, ஒரு டீக்கடை.

டீ நன்றாக இருந்தது. அதற்கு மட்டும் பத்துக்குப் பத்து. காசு கொடுத்துதான் குடித்தேன், பாயிண்டு கொடுத்து அல்ல.

ஆகஸ்டு 13, திங்கள்

ராஜம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஊட்டி உட்பட. பத்து மார்க் போட்டதுக்கு மட்டும் திட்டினாள். அப்புறம், "அடுத்த தடவை என்னையும் இட்டுக்கினு போ" என்றாள். கிளப்பில் இந்த வருடப் பாயிண்டு தீர்ந்துபோச்சு என்றேன். "கிளப்பு கெடக்குது. நம்ம ஜங்ஷன்ல ரயிலே நிக்கலியா?"

இவ்வளவு நாள் இது எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தைந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டவள் புத்தி.

செப்டம்பர் 28, வெள்ளி. ஜங்ஷன், இரண்டாவது பிளாட்பாரம்

வண்டி தாமதம். ராஜம்மாள் புளிசாதப் பொட்டலத்தை இப்போதே பிரித்துவிட்டாள். கன்னியாகுமரி, மூன்று நாள், கடலோரமாய் ஒரு சாதா லாட்ஜ். லாட்ஜ்காரர் போனை எடுத்தார், அறை இருக்கிறது என்றார். அவ்வளவுதான். புல்லாங்குழல் இல்லை.

காலாண்டு லீவுக்குத் தம்பி குடும்பமும் நாளை குருவாயூர் போகிறது. வீட்டில் காவலுக்குப் படுத்துக்கொள்ளக் கம்மாபுரத்திலிருந்து கோவிந்தசாமி என்று ஒருவர் வருகிறாராம். காலையில் கனகா மாடிப்படியில் நின்று சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்.

தம்பிதான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான். பையை பெஞ்சில் வைத்தான். போய்விட்டான் என்று நினைத்தேன். கையில் தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்தான். ஐஸ் தண்ணீர். எனக்கு ஐஸ் ஆகாது. ஒரு மிடறு குடித்தாலே தொண்டை கட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கூடப் பிறந்தவனுக்கு இன்னும் அது தெரியாது.

"போன் பண்ணுக்கா" என்றான்.

பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.