ஒன்பதாம் பாகத்தில் வைத்த கடிதம்

ஏட்டி,

ஜப்பானுக்குச் சேர்ந்து போவோம் என்று காலேஜில் சத்தியம் செய்தவள் நீ. லீவுக்குப் புருஷனோடு போய்விட்டு வந்து, "இந்தாட்டி, ஒன் லவ் காமிக்ஸோட கடைசி பாகம்" என்று தாராவி வரை வந்து நீட்டினாய். நானும் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டேன்.

முதல் பக்கம் என்று நினைத்து 'என் உயிர்த் தோழிக்கு' என்று எழுதியிருக்கிறாயே, அது கடைசிப் பக்கமடி! மங்கா என்கிற இந்த ஜப்பான் காமிக்ஸை, நம் புத்தகம் முடிகிற பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பதிமூன்று பாகம் காத்திருந்து முத்தமிடுகிற காதலர்களின் முகத்தில் உன் பேனா மை.

அப்படியென்றால், நான் படிக்கத் தந்த முந்தைய பன்னிரண்டையும் சயான் ஸ்டேஷனில் வைத்து, "படிச்சு அழுதுட்டேம்ட்டி" என்று சொல்லித் திருப்பித் தந்ததெல்லாம் பொய். ஒன்றைக்கூட நீ திறக்கவில்லை.

உன் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால், ஒன்பதாம் பாகத்தின் நடுவில் நான் ஒரு கடிதம் வைத்தேன். அது புத்தகத்தோடே திரும்பி வந்தது. படித்துவிட்டுத்தான் என்னை வேண்டாம் என்கிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் உன் கல்யாணத்தில் ஒன்றுமே நடக்காதவள் போலச் சிரித்தேன். பாவி, நாலு வருஷமாக அதைப் பதில் என்று நம்பியிருக்கிறேன்!

அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இதையும் படிக்காமலே படித்தேன் என்று சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
பதிமூன்றையும் படித்தவள்