சுண்டு விரல் பட்ட இடம்

அன்புள்ள டீச்சருக்கு,

இங்கே எல்லாம் இருந்தபடியே இருக்கிறது. உன் தங்கைக்கு இடுப்பு வலி தேவலை என்று நம் மகள் போனில் சொன்னாள். சகலை சௌக்கியமாகத்தான் இருப்பார், அவருக்கு என்ன குறை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு வருஷத்துக்குப் பிறகு இரண்டே வரி. "அந்த உருளையைக் கேட்ட பிறகும் நீங்கள் பேசாமல் இருப்பதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். வீட்டுச் சாவியைத் தபாலில் அனுப்பிவிடட்டுமா?" கரும்பலகையில் எழுதுவது போல நேர்க்கோட்டில், ஓர் அடித்தல்கூட இல்லாமல். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அருங்காட்சியகத்தில் மூன்று மணிக் காட்சி நடத்தப் போனேன்.

காட்சி முன்போலவே பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடக்கிறது. போனோகிராபுக்குச் சாவி கொடுக்கிறேன். வந்தவர்களில் ஒருவரைக் குழலுக்கு முன் நிறுத்திப் பேசவைக்கிறேன். மெழுகு உருளையில் குரல் கோடாக விழுவதைக் காட்டுகிறேன். ஊசியை மாற்றி அதையே கேட்கவைக்கிறேன். பிறகு மெழுகைச் சீவி அடுத்தவருக்குத் தயார் செய்கிறேன். போன வாரம் ஒரு தபால்காரர் தன் குரலைக் கேட்டுவிட்டு, "இது எங்கப்பா குரலு. இவர யாரு சார் உள்ள வெச்சது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சீவ வேண்டாம் என்றார். உருளையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இஸ்திரி என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்.

நாம் இஸ்திரி என்று பேர் வைத்தவரை நீ மறந்திருக்க மாட்டாய். அருங்காட்சியக வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர், சட்டை மடிப்பு கலையாமலே காப்பாட்சியர் ஆகிவிட்டார். பதினேழு முறை காய்ச்சிக் கொட்டி நான் கண்டுபிடித்த மெழுகுப் பக்குவம் இப்போது சுவரில் பலகையாகத் தொங்குகிறது. கீழே 'காப்பாட்சியர்' என்று போட்டிருக்கிறது. கேட்டால், "பதவிப் பேருதானே சார், என் பேரா போட்டுக்கிட்டேன்?" என்கிறார். பதினேழு முறையும் உன் பால் பாத்திரத்தில் காய்ச்சினேன் என்பதும் அந்தப் பலகையில் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் அந்த உருளையைக் கேட்கவில்லை.

தங்கைக்கு ஆபரேஷன், இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று நீ கிளம்பிய அன்று நான் லீவு போடவில்லை. ரயிலடிக்கு வரவில்லை. அது தப்பு என்று எழுத இப்போதும் கை தயங்குகிறது. முந்தின வாரம்தான் உன் வகுப்புப் பிள்ளைகளைக் காட்சிக்கு அழைத்து வந்திருந்தாய். உதவுகிறேன் என்று உருளையை எடுத்தாய். உள்துளையில் இரண்டு விரலை விட்டு விரித்துத் தூக்க வேண்டியதை, டம்ளரைப் பிடிப்பது போல வெளியே பிடித்தாய். "கையை எடு டீச்சர். மெழுகுல விரல் படக்கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்றேன். நாற்பது பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றுதான் அன்று நினைத்தேன். நீ அதைத் தங்கையிடம் சொன்னாய். அவள் வீட்டுக்காரர் எனக்குப் போன் போட்டு, "பொம்மை காட்டறவருக்கு இவ்வளவு ரோஷமா, சகலை?" என்று கேட்டார். அவர் வாசலை மிதிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நீ கிளம்பிப் போன மாலை வீட்டுக்கு வந்தால், முன்னறை மேசையில், நம் வீட்டு போனோகிராப் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் உருளை இருந்தது. நான் செய்வதைப் பார்த்தே எல்லாவற்றையும் கற்றுவைத்திருந்தாய். மெழுகை விளக்கடியில் இளஞ்சூடாக்கி, பதிந்து முடித்ததும் தூளைத் தூரிகையால் ஒற்றி எடுத்திருந்தாய். டப்பா மூடியில் 'கேளுங்கள்' என்று எழுதியிருந்தாய். என் கண்ணில் முதலில் பட்டது மெழுகின் மேல் பளபளத்த உன் விரல் ரேகைகள். கோபத்தில் மூடிப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். இரண்டு மாதத்தில் வருவாய், பக்கத்தில் உட்கார்த்தி வைத்துப் போட்டுக் காட்டலாம் என்று இருந்தேன். நீ வரவில்லை.

பிறகு கோபம் போய் வேறொரு கிறுக்கு பிடித்தது. உனக்கே தெரியும், மெழுகைப் போடும் ஒவ்வொரு தடவையும் ஊசி கொஞ்சம் தின்றுவிடும். போடாத உருளையில்தான் குரல் முழுசாக இருக்கும். வீட்டில் இரண்டு நிமிஷத்துக்கு நீ குறையாமல் இருக்கிறாய் என்ற நினைப்பிலேயே நாலு வருஷம் ஓட்டிவிட்டேன். கைப்பேசியிலும் உன் குரல் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதில் நீ கேஸ்காரர் வந்தாரா என்று கேட்கிறாய்.

செவ்வாய் மாலை டப்பாவை இறக்கினேன். துணி சுற்றிக் காற்றுப் படாமல் பொத்தி வைத்ததுதான் கெடுத்திருக்கிறது. பூஞ்சை. உருளை முழுக்க இல்லை. நீ பிடித்த இடத்தில் மட்டும், வெள்ளையாக, நாலு விரலும் வரிசையாக. எதிர்ப்பக்கம் கட்டை விரல். நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது, டீச்சர். சொல்லிக்காட்ட நீ பக்கத்தில் இல்லை. என் விரல்களை அந்தத் தடத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்தேன், வெளிப்பக்கமாக, டம்ளரைப் பிடிப்பது போல. உன் விரல்கள் இவ்வளவு சின்னவை என்று எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு ஒரே ஒரு முறை போட்டேன். அட்டெண்டன்ஸ் எடுக்குமுன் செய்வாயே, அந்தக் கனைப்பு. "என்னங்க" என்றாய். அதற்குள் ஊசிக்கு அடியில் உன் ஆள்காட்டி விரல் தடம் வந்துவிட்டது. தகரக் கூரையில் மழை பெய்வது போல இரைச்சல். அது ஓய்ந்து நடு விரல் வருவதற்குள், "பீரோ சாவி அரிசி டின்னுல இருக்கு" என்றாய். ஒரு மாதம் தேடிவிட்டுப் பூட்டை உடைத்தேன். நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே, "கோவமெல்லாம் போயிடுச்சு, ஆனா நீங்க". மோதிர விரலுக்கு அப்புறம், "நீங்களா ஒரு தடவ அங்க வந்தீங்கன்னா". அதோடு சுண்டு விரல்.

சுண்டு விரலைத் தாண்டி மெழுகு சுத்தமாக இருந்தது. அதில் நீ ஒன்றும் பேசவில்லை. ஊசி சரசரத்துக்கொண்டே போயிற்று. நீ எழுந்து போய்விட்டாய் என்று நினைத்தபோது, வளையல் குழலில் இடித்த சத்தம் கேட்டது. அதுவரைக்கும் குழலுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறாய்.

வந்தால் என்ன என்று சொன்னாய், டீச்சர்? நீ வருவாய் என்று நான் இங்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அங்கே எந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் புறப்படுகிறேன். லீவு எழுதிக் கொடுத்தேன். இஸ்திரி பயந்துபோய், "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா சார்?" என்று கேட்டார். சகலையிடம் சொல்லிவை, பொம்மை காட்டுகிறவர் வருகிறார், பொம்மையும் வருகிறது என்று. ரோஷத்தை வாசலில் செருப்போடு விட்டுவிடுகிறேன், திரும்பும்போது எடுத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

புதிதாக ஓர் உருளை வார்த்திருக்கிறேன். பழைய பால் பாத்திரத்தில்தான். சுண்டு விரலுக்கு அடியில் போனதை மட்டும் திரும்பச் சொல். எனக்குப் பிடிக்காத வார்த்தையாக இருந்தாலும் சொல். குழலில் சொல்ல வேண்டாம் என்றால் மெஷினை மூடிவைத்துவிடலாம், என்னிடம் சொன்னால் போதும். பேசுவதாக இருந்தால் உருளையை நீயே எடுத்து மாட்டு. எப்படி வேண்டுமானாலும் பிடித்துக்கொள்.

தங்கையை விசாரித்ததாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும். சாவியை அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்