இறுக்காமல் விட்ட இரண்டு நட்டுகள்

எண்ணெய்க் கையாலேயே என் தலையில் குட்டும் என் அண்ணாவுக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. உன் மனைவி, என் மச்சாள், இப்போது ஒரு நேரமாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறார். மழை பிந்தியதால் வெள்ளாங்குளத்தில் எல்லோருக்கும் விதைப்புப் பிந்திவிட்டது. உன் ஏ-40 கார் வேலியோரம் நிற்கிறது. அம்மாவைவிட மூத்த அந்தக் காரை இரும்புக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன். உனக்கு நான் சொன்ன கடைசிப் பொய்யைப் பற்றியது.

அன்று காலை, ஆவி கசியாமல் அடைக்கும் கஸ்கட்டைப் புதிதாக வைத்து, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைப் பூட்டினோம். நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும், ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது, மூன்று சுற்று. அது உன் சட்டம். முன்னால் உள்ள நட்டுகள் உன்னுடையவை. பின்மூலையில், தகட்டுச் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் இரண்டும் என்னுடையவை. உன் கை அங்கே போகாது. நெருப்பில் காய்ச்சி வளைத்த ஸ்பனரை நான்தான் விட வேண்டும். ஓர் இழுப்புக்கு நட்டு ஒரு நகத்தின் அகலம் திரும்பும். பிறகு ஸ்பனரைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும்.

பக்கத்து வளவு முருகேசு மாமா வேலியால் எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, கலியாணம் கட்டுற வயசிலை காருக்கை தலையை விட்டுக்கொண்டு நிக்கிறாய்?"

நீதான் பதில் சொன்னாய். "வாற மாப்பிள்ளையைக் கழட்டிப் பூட்டப் பழகிறாள் மாமா."

இரண்டு சுற்று முடிந்தது. மூன்றாவதில் உன் பக்கத்தை முடித்துவிட்டு காரின் மட்காட்டில் சாய்ந்தாய். சட்டை நனைந்திருந்தது. "நெஞ்சுக்கை ஏதோ அமத்துதடி," என்றாய்.

அம்புலன்ஸுக்கு போன் அடித்தேன். வேறெங்கோ போயிருக்கிறது, ஒன்றரை மணித்தியாலம் செல்லும் என்றார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லை. மாற்றலாகிப் போனவருக்குப் பதிலாக ஒருவரும் வரவில்லை. போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பிய நாளில் மாலை போட்டு, இது உங்கள் சொந்த மண் என்று பேசினார்களே, ஞாபகம் இருக்கிறதா? சொந்த மண்ணில் நெஞ்சு வலித்தால் எழுபது வயதுக் காரில் மன்னாருக்குப் போக வேண்டும் என்று அந்த மேடையில் ஒருவரும் சொல்லவில்லை.

ரேடியேற்றருக்குத் தண்ணீர் விட்டுப் பொனற்றை மூடினேன். அப்போதும் நீ கேட்டாய்.

"பின் ரெண்டும் மூண்டாம் சுத்து இறுக்கினியே?"

"ஓம்."

இறுக்கவில்லை, அண்ணா. இல்லை என்றால் நீ ஏறியிருக்க மாட்டாய். "இறுக்கிப்போட்டு வா" என்று மட்காட்டிலேயே இருந்திருப்பாய். அரைகுறையாகப் பூட்டிய எஞ்சினை நீ ஒருநாளும் ஸ்டார்ட் பண்ண விட்டதில்லை. உன் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அந்த வளைந்த ஸ்பனரோடு இன்னும் அரை மணி நேரம் மல்லுக்கட்ட என்னால் முடியவில்லை.

நான் ஓட்டினேன். இலுப்பைக்கடவை தாண்டியதும் ஆவி கிளம்பியது. எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பின் சீற்றில் கிடந்தபடி நீ யோசித்தாய். உன் நோவைப் பற்றியல்ல.

"கஸ்கட் புதுசெல்லே. எப்பிடியடி போகும்?" பிறகு, மூச்சு வாங்கி வாங்கி, "நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன். நீ அழாதை."

நான் வாய் திறக்கவில்லை. ஒரு சொல் போதுமாயிருந்தது. ரோட்டில் இறங்கிக் கை காட்டினேன். நெல் லொறி ஒன்று நின்றது. மன்னாரில் உன்னை இறக்கியபோது நீ இல்லை. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டொக்டர்.

எவ்வளவு கொஞ்சம்? அம்புலன்ஸின் ஒன்றரை மணித்தியாலமா, நட்டை இறுக்க நான் செலவழிக்காத அரை மணி நேரமா?

டொக்டரும் அம்புலன்ஸும் கேட்டு ஊரே கையெழுத்து வைத்து அனுப்பிய மனுவுக்குத் திங்கட்கிழமை மன்னாரில் விசாரணை. சுகாதார அதிகாரிகள் எழுதிய முதல் அறிக்கையை மாமா கொண்டுவந்தார். "இறந்தவர் தமது பழைய வாகனத்தைச் சரிவரப் பராமரிக்காமையே தாமதத்துக்குக் காரணம்." அம்புலன்ஸைப் பற்றி ஒரு வரி இல்லை. டொக்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. செத்தவனில் பழியைப் போட்டால் எழுந்து வந்து மறுக்க மாட்டான் என்று தெரிந்த மனிதர்கள்.

நான் மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். அறிக்கையை மடித்து என் கையில் வைத்தார்.

"கார் பழசு, நிண்டுட்டுதெண்டு மட்டும் சொல்லு பிள்ளை. நட்டுக் கதையை எடுத்தியோ, தங்கச்சிதான் சாகக் குடுத்தவளெண்டு எழுதிப்போட்டு பைலை மூடிடுவாங்கள். பிறகு டொக்டரும் இல்லை, ஒண்டும் இல்லை."

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நான் பேசாமல் இருந்தால் அந்த வரியில் நீ இருப்பாய். தன் நட்டுகளை எல்லாம் இறுக்கியவன், பிழை விட்டவனாக எழுதப்பட்டிருப்பாய். அன்று அந்த ரோட்டில் நினைத்துக்கொண்டே போனாயே, அதே போல.

நேற்று மச்சாளிடமும் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அந்த மனுசனுக்கு அப்பவே சொல்லியிருக்கலாமெல்லே," என்றார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

திங்கட்கிழமை போகிறேன். "அண்ணாவில் பிழையில்லை, அந்த இரண்டையும் இறுக்காமல் விட்டு, இறுக்கினேன் என்று சொன்னது நான்" என்று எழுதி என் பெயரைப் போடுவேன். பிறகு அதே தாளை அந்த அதிகாரிகளிடம் தள்ளி, "என் பங்கை எழுதிவிட்டேன், உங்கள் பங்கை எழுதிப் பெயரைப் போடுங்கள்" என்பேன். போட மாட்டார்கள். பைலை மூடுவார்கள். மறுபடி திறக்கும்வரை அந்த வாசலுக்குப் போய்க்கொண்டே இருப்பேன். ஆனால் உன் பெயரை அந்த வரியிலிருந்து எடுக்காமல் திங்கட்கிழமை நான் ஊர் திரும்ப வெள்ளாங்குளம் பஸ் ஏற மாட்டேன். இது பொய்யில்லை, அண்ணா.

உன்னோடு கூடப்பிறந்து, உன்னிடம் உண்மை சொல்லப் பிந்திப்போன தங்கச்சி,
சுமதி