நவம்பர் ஒன்று, முழு ஷிஃப்ட்

அக்டோபர் 19

ஆமாம், படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். நான்கு பக்கம். கம்பெனி தரும் புது இன்ஷூரன்ஸ். ஆஸ்பத்திரி பில்லை இது கட்டாது; அதற்கு வேறு அட்டை இருக்கிறது. இதில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நம் கையில் ஒரு தொகை தருவார்கள். வாடகைக்கோ மளிகைக்கோ, எதற்கு வேண்டுமானாலும்.

ஹெச்.ஆர். பெண் சாப்பாட்டு அறைக்கே வந்து விளக்கினாள். "உடம்பைப் பத்தி ஒரு கேள்வியும் கிடையாது. ஒண்ணே ஒண்ணுதான். நவம்பர் ஒண்ணாம் தேதி வேலையில இருக்கணும். முழு ஷிஃப்ட். அன்னைக்கு விட்டுட்டா அடுத்த வருஷம்தான்."

"படுத்தா காசுன்னா எங்க வீட்டுக்காரர் இந்நேரம் கோடீஸ்வரர்" என்றாள் ஸ்பீக்கர் அக்கா.

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுக்கணும்க்கா."

"அதானே பார்த்தேன்!"

ஸ்பீக்கர் அக்கா எங்கள் மேற்பார்வையாளர். குரலுக்காக வைத்த பெயர், அவளுக்கும் தெரியும். அவள் கணவர் முதுகெலும்பு போய் எட்டு வருஷமாகப் படுக்கையில். அவளே கிண்டல் செய்வதால் நாங்களும் சிரிக்கலாம். சிரித்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அக்டோபர் 22

வலி. எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 26

கட்டில் எண் பதினொன்று.

குடலில் ஒரு பகுதி சுருங்கிப் புண்ணாகிவிட்டதாம். இரண்டு ஆபரேஷன், நடுவில் காத்திருப்பு. ஆறு வாரம் இங்கேயே. டாக்டர் அதை வானிலை அறிக்கை மாதிரிச் சொன்னார்.

என் கணவன் ஓட்டும் வேன் முதலாளியுடையது. என் பக்கத்தில் உட்கார்ந்தால் சாவி வேறொருவன் கைக்குப் போகும். எனக்குச் சம்பளத்தோடு விடுப்பு இன்னும் ஒன்பது நாள். இரண்டு வருமானமும் நின்றால் ஆறு வாரத்தில் நாங்கள் எந்த வீட்டில் இருப்போம்?

"அந்த இன்ஷூரன்ஸ் இருக்குல்ல?" என்றான்.

இருக்கிறது. ஒன்றாம் தேதி, நான் சீட்டில் இருந்தால்.

அக்டோபர் 29

டாக்டரிடம் கேட்டோம்.

"ரெண்டு நாள் வெளிய விடலாம். திரவ ஆகாரம் மட்டும். காய்ச்சல் அடிச்சா உடனே வந்துடணும். அப்படி என்னம்மா அவசரம்?"

"வீட்ல ஒரு வேலை டாக்டர்."

ஏன் பொய் சொன்னேன்? உண்மை அவ்வளவு கேவலமாகவா இருந்தது?

அலுவலகத்திலும் சொல்லப்போவதில்லை. வெறும் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தவள் என்று தெரிந்தால் உட்காரவிடாமல் துரத்திவிடுவார்கள்.

நவம்பர் 1

எட்டு மணிக்கு சீட்டில் இருந்தேன்.

நாங்கள் லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவு. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது சிவப்புப் பொத்தானை அழுத்தினால் குரல் எங்களிடம் வரும். பதினொரு மணிக்கு ஒரு வயதான அம்மா.

"ஃபோனை வெச்சிடாதேம்மா. சும்மா ஏதாவது பேசிக்கிட்டே இரு."

"என்ன பேசட்டும்?"

"காலையில என்ன சாப்பிட்டே, சொல்லு."

"ஒண்ணும் சாப்பிடலை."

"அடிப்பாவி, மணி பதினொண்ணாகுது!"

இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டு என்னைத் திட்டினாள். இன்று நடந்ததில் நல்லது அது ஒன்றுதான்.

பன்னிரண்டுக்குக் கழிவறையில் வாந்தி. கதவைத் திறந்தால் ஸ்பீக்கர் அக்கா.

"என்னடி இது, முகம் சுண்ணாம்பாட்டம்? கிளம்பு வீட்டுக்கு."

"காய்ச்சல் முழுசா விடலைக்கா. பரவாயில்லை, இருக்கேன்."

"பிடிவாதக்காரி."

அதற்குப் பிறகு நான் எடுத்த அழைப்புகள் மிகக் குறைவு. எண்கள் திரையில் மிதந்தன. ஆனால் எழுந்திருக்கவில்லை. நான்கு மணி வரை. கீழே வேனில் அவன் காத்திருந்தான். கதவைத் திறந்துவிட்டான்.

நவம்பர் 3

பழைய கட்டிலில் வேறு யாரோ. இப்போது நான் எண் நான்கு. ஆபரேஷன் ஆறாம் தேதி.

நவம்பர் 4

ஸ்பீக்கர் அக்கா ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள். என் கணவன் ஃபோனில் உளறிவிட்டிருக்கிறான். "இதை மறைக்க உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?" வார்டே திரும்பிப் பார்த்தது.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவளுக்குத் தாழ்ந்த குரல் உண்டு என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

"ஒண்ணாம் தேதி நீ எடுத்த ஃபோன் கணக்கு படுமோசம். இருபதுக்குக் கீழே போனா எச்சரிக்கைக் கடிதம் வரும்ல? அதான் பன்னெண்டு மணியிலேருந்து அரை நாள் மெடிக்கல் லீவுன்னு போட்டுட்டேன். சம்பளம் குறையாது. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றாம் தேதி முழு ஷிஃப்ட் என்ற அந்த இன்ஷூரன்ஸ் விதி அவளுக்கு நினைவில்லை. தனக்குத் தேவைப்படாத விதியை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

"தேங்க்ஸ்க்கா" என்றேன்.

நவம்பர் 5

ஹெச்.ஆர். பெண்ணிடம் யார் பெயரும் சொல்லாமல் கேட்டேன்.

"பதிவு தப்புன்னு சூப்பர்வைசர் எழுதிக் குடுத்தா மாத்தலாம். ஆனா வேணும்னே தப்பாப் போட்டவங்களை வெச்சுக்க மாட்டாங்க. போன வருஷம் கிடங்குல ஒருத்தரை அனுப்பினாங்களே."

அவனிடம் சொன்னேன்.

"கேளு. அவங்க பண்ணினதுதானே?"

"நல்லதுன்னு நினைச்சுப் பண்ணாங்க."

"உன் குடலைவிட அவங்க வேலை பெருசா?"

அக்கா ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். இப்போது அனுப்பினால் ஓய்வுத் தொகையும் கிடையாது. நான் கேட்டால் மறுக்க மாட்டாள். இங்கேயே, இந்தக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுவாள். அதனால்தான் கேட்க முடியவில்லை.

ச்சே. வாய்விட்டுத் திட்டறதுக்கு ஒரு கெட்டவன்கூடக் கிடையாதா இதுல? ஒருத்தன்? ஒரே ஒருத்தன் —

நவம்பர் 6

அந்தத் தொகை இல்லாமல் ஆறு வாரம் படுக்க முடியாது. ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

"தள்ளிப்போட்டா பிறகு சின்னதா முடியாதும்மா" என்றார் டாக்டர்.

"தெரியும்."

அவன் பையை மட்டும் வாங்கிக்கொண்டான்.

நவம்பர் 10

வேலைக்குப் போனேன்.

"என்னடி, அதுக்குள்ள வந்துட்டே?" கூடம் முழுக்கக் கேட்டது.

"ஆபரேஷன் தேவையில்லைன்னுட்டாங்கக்கா. மாத்திரையே போதுமாம்."

"அப்பாடா! எனக்கு அப்பவே தெரியும், ஒண்ணும் இருக்காதுன்னு!"

ஒவ்வொரு மேஜையாகப் போய் எல்லோரிடமும் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் மாத்திரையை விழுங்கிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.