பூரணத்துக்கு வளையல்

என் ராக்காயிக்கு,

எவரைப் பார்க்க இங்கே வந்தேனோ அந்த அய்யாவின் கருமாதி நல்லபடியாக முடிந்தது. கண்டிக்குத் திரும்பி வர இந்தத் தடவையும் இலங்கை அதிகாரிகளிடம் அனுமதி கிடைக்கவில்லை. இனிமேல் மனுப் போடவேண்டாம் என்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் உன் அம்மாவை விட்டுவிட்டு நீயும் இங்கே வர முடியாது. அதை விடு.

நேற்றுப் பாம்பன் சந்தைக்குப் போனேன். உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டை மணல் இல்லாமல் பொறுக்கினேன்.

"இப்பிடி மோந்து மோந்து பாத்தா நான் எப்ப ஏவாரம் பாக்க?" என்று கருவாட்டுக்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன். பனங்கற்கண்டும் அதைப் போட்டுவைக்கச் சாயம் போட்ட ஓலைக் கொட்டானும் வாங்கினேன். வாங்கிக்கொண்டிருக்கும்போது நாளைக்கே வீட்டுக்கு வருகிறவன் போல இருந்தது, ராக்காயி.

பிறகு ராமேஸ்வரம் போய், கோயில் கடைத்தெருவில் நம் பூரணத்துக்குச் சங்கு வளையல் கேட்டேன். கடைக்கார அம்மா நாலு வயதுப் பிள்ளைக்குத் தக்கதை எடுத்துக் கொடுத்தார். அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

"இன்னும் பெருசா குடுங்கம்மா."

"கையில நிக்காதுய்யா. கழண்டு விழுந்துரும்."

"பரவாயில்ல. கொமரிப்புள்ள போடுற அளவுலயே குடுங்க."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பெரிய வளையலையே எடுத்துப் பஞ்சு சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

எல்லாவற்றையும் உன் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு அங்கே குடியுரிமை இருக்கிறது, நாளைக்குக் கப்பல் ஏறுகிறார். கருவாட்டை ஒரு வெயில் காயவை. வளையலை மட்டும் பிள்ளைக்குக் காட்டாதே. போட்டுப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு பெரிசு என்று உன்னைக் கேட்பாள்.

இப்படிக்கு,
பூரணத்தின் அப்பா