ஓடைக்கரை மேடு

வட கரோலினா, 1863

என் கண்ணே,

படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அடிமைக்கு எழுதத் தெரியும் என்று எஜமானுக்குத் தெரியக்கூடாது.

உன் தம்பி டைட்டஸ் இன்னும் பாடுகிறானா என்று கேட்டிருந்தாய். முதல் வரியை அவன் பாடுவான். நாங்கள் பதில் பாடியபடி கடப்பாரையால் தண்டவாளத்தை நகர்த்துவோம். போருக்கான ரயில்பாதை, தென்மாநிலப் படைக்கு அவசரம். போன வாரம் ஓடைக்கரையில் மண் சரிந்து டைட்டஸ் அடியில் சிக்கினான். மண்வெட்டியோடு ஓடினோம்.

"தோண்டுறதுக்கெல்லாம் நேரமில்ல, மேல மண்ணக் கொட்டித் தண்டவாளத்தப் போடுங்கடா!" என்றான் கங்காணி.

இப்போது டைட்டஸின் வரிக்கு இடம்விட்டு, பதிலை மட்டும் பாடுகிறோம்.

"பதில மட்டும் பாடுறீங்க, முதல் வரிய எவன்டா பாடுறான்?" என்று கங்காணி இன்று கத்தினான்.

"உங்களுக்குக் கேக்கலையா தொரை?" என்றேன். அவன் முகம் வெளுத்துப்போனது.

அம்மாவிடம் மெல்லச் சொல். என்றாவது நீங்கள் இந்த ரயிலில் வந்தால், ஓடைக்கரை மேட்டில் வண்டி லேசாகக் குலுங்கும். பயப்படாதீர்கள், அவன்தான்.

உன் புருஷன்